தாங்கும் வலிமையா, ஈரலின் தவிப்பா?

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“அவன் எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டான்” என்று சிலரைப் பற்றிப் பெருமையாகப் பேசக் கேட்கிறோம். அது பெருமைக்குரியதுதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சாராயமாயினும் கள்ளாயினும் கசிப்பாயினும், அதிலுள்ள மதுசாரத்தின் பெரும்பகுதியைத் தீர்ப்பது ஈரலே. அங்குள்ள நொதியம் ஒன்று அதனை அசற்றல்டிகைட்டு என்னும் நஞ்சாக மாற்றும். மற்றொன்று அந்நஞ்சை முறிக்கும். இது மெதுவான வேலை. சாதாரணமாக ஒருவருடைய ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையே தீர்க்கும். 180 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறக்குறைய 47 கிராம் மதுசாரம் உண்டு. அது தீர 5 முதல் 7 மணி நேரம் செல்லும்.

நாள்தோறும் குடிப்பவரிடம் நிகழ்வது என்ன? நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில், ரம்புக்கனையிலிருந்து நமது கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் புகையிரதத்தைத் துணை எஞ்சின் ஒன்று பின்னின்று தள்ளியதைப் பெரியோர் அறிவர். பாரம் மிகும்போது ஈரலும் இவ்வாறே துணை நொதியம் ஒன்றைப் பெருக்கிக்கொள்கிறது. 1968இல் லீபர், டிகார்லி என்னும் ஆய்வாளர் இருவர் இத்துணை வழியை எடுத்துக்காட்டினர். இதனால் மதுசாரம் சற்று விரைவாகத் தீர்கிறது. மூளையும் போதைக்குப் பழகிவிடுகிறது. இதையே நாம் ‘தாங்குகிறான்’ என்கிறோம்.

ஆனால் இத்துணை எஞ்சின் தீப்பொறி கக்குவது. அது இயங்குகையில் ஈரற் கலங்களைச் சிதைக்கும் பொருள்கள் பிறக்கின்றன. முதலில் கொழுப்புப் படியும்; பின்னர் அழற்சி உண்டாகும்; முடிவில் ஈரல் வடுப்பட்டு இறுகும். அந்நிலையில் சிறிதளவு குடித்தாலும் போதை தலைக்கேறும். இன்னுமோர் அபாயமும் உண்டு. தலைவலிக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோலின் ஒரு பகுதியையும் இதே நொதியம் நஞ்சாக்குகிறது. ஆதலால் குடிப்பழக்கமுள்ளோர் வைத்தியரைக் கேளாமல் அம்மாத்திரையை மிகுதியாக உட்கொள்ளலாகாது.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. குடியை விட்டால் பெருகிய நொதியம் சில நாட்களிலேயே தணியத் தொடங்கும். படிந்த கொழுப்பும் சில வாரங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அத்தகையோரை ஏளனம் செய்யாது, பேராதனை வைத்தியசாலைக்கோ கண்டி வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்வது நம் கடமை.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தையே வகுத்தார். நம் நாட்டின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடுக்கிறது. இளைஞர்களே! சம்பள நாளன்று தோட்டத்து லயத்தில் அரிசிக்காகக் காத்திருக்கும் தாயையும் குழந்தையையும் நினைமின். மற்றவன் எவ்வளவு தாங்குவான் என்று பந்தயம் கட்டுவதை இன்றோடு விடுவோம். அவனை மீட்கக் கைகொடுப்போம்.