ஒரு கிளிக் தூரம்

பாரிஸ் வட்டாரத்தில் கணக்காளர் தேவைப்பட்ட நிறுவனங்களுக்கு 2012 மார்ச் தொடங்கி ஓராண்டுக்கு இரண்டு பேரின் விண்ணப்பங்கள் போய்க்கொண்டே இருந்தன. படிப்பும் அனுபவமும் இருவருக்கும் சமம். தாளைப் பார்த்தால் இருவருமே பிரெஞ்சுக்காரர்கள்தாம். ஃபேஸ்புக்கில் தேடினால் மட்டும் கதை மாறும். ஒருவர் பிரான்ஸுக்குள்ளேயே ஓர் ஊர்க்காரர். இன்னொருவருக்குச் சொந்த ஊர் மொராக்கோவின் மராகேஷ். தெரிந்த மொழிகளில் அரபும் உண்டு. இரண்டு பேருமே பொருளியல் ஆய்வாளர்கள் உருவாக்கிய கற்பனை ஆட்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. மராகேஷ்காரருக்கு வந்த அழைப்புகள் தெளிவாகக் குறைந்திருந்தன. ஊரும் மொழியும் விண்ணப்பத்தில் இல்லாத விவரங்கள். ஆக, யாரோ பெயரைத் தட்டித் தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

இதைவிடச் சுவையான சங்கதி நடுவழியில் நேர்ந்தது. சோதனை நடந்துகொண்டிருந்தபோதே ஃபேஸ்புக் தன் பக்க அமைப்பை மாற்றியது. மொழி விவரம் முகப்பை விட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. அதைப் பார்க்க இன்னொரு கிளிக் தேவை. அதன் பிறகு இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு சுருங்கிவிட்டது!

இந்த உரை பிடித்துக்கொள்ள விரும்பும் இழை இந்த ஒரு கிளிக்கின் சோம்பல்தான். வேலை தேடுகிறவர்கள் ஹெச்.ஆர். துறையைத் துப்பறியும் படையாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பல இடங்களில் அங்கே உட்கார்ந்திருப்பவர், மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு கட்டு விண்ணப்பங்களைக் கழித்துக்கட்ட வேண்டிய ஊழியர். முதல் திரையில் கண்ணில் பட்டது அவருக்குப் போதும். விலக்கப்பட்டவருக்கோ அழைப்பு வரவில்லை என்பது மட்டுமே தெரியும். ஏன் வரவில்லை என்று சொல்ல ஆளில்லை.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய அதே காலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் இதே மாதிரி சோதனை நடத்தினார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. குடியரசுக் கட்சியின் செல்வாக்கு மிகுந்த மாநிலங்களைத் தனியே எடுத்தபோது, கிறிஸ்தவர் என்று புரொஃபைல் காட்டியவரின் விண்ணப்பங்களில் 17 சதவீதத்துக்கு அழைப்பு வந்தது. முஸ்லிம் என்று காட்டியவருடையவற்றில் 2 சதவீதத்துக்குத்தான்.

சில இடங்களில் எட்டிப்பார்ப்பதோடு நிற்கவில்லை. மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் நகர நிர்வாகம் 2009-ல் விண்ணப்பதாரர்களிடம் சமூக வலைதளக் கணக்குகளின் பாஸ்வேர்டையே கேட்டது. வீட்டுச் சாவியைக் கொடு என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எதிர்ப்பு கிளம்பியதும் நகரம் பின்வாங்கியது. 2012-ல் மேரிலாந்து, பாஸ்வேர்ட் கேட்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் அமெரிக்க மாநிலமானது.

அப்படியானால் கணக்கே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா? அதற்கும் வழியில்லை. கேரியர்பில்டர் நிறுவனத்துக்காக 2018-ல் நடந்த கணக்கெடுப்பில், இணையத்தில் தேடிக் கிடைக்காத ஆளை நேர்காணலுக்கு அழைக்கத் தயங்குவோம் என்று 47 சதவீத முதலாளிகள் சொன்னார்கள். இருந்தாலும் சந்தேகம், இல்லாவிட்டாலும் சந்தேகம்.

புரொஃபைல் கதவைத் திறந்துவிடும் விதமும் கவனிக்கத் தக்கது. வேலை என்றதும் நம்மவர் நினைப்பு மாமா, சித்தப்பா சிபாரிசுக்குத்தான் ஓடும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வேறொன்றைக் காட்டினார்: தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் தகவல் எப்போதோ ஒருமுறை சந்திக்கிறவரிடமிருந்துதான் வந்திருந்தது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதுச் செய்தி அடுத்த தெருக்காரரிடமிருந்துதான் வர வேண்டும். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2022-ல், லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்த ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்களே வேலை மாற அதிகம் உதவியிருந்தார்கள். நெருங்கியவர்களும் சரி, மிகக் குறைந்த பழக்கமுள்ளவர்களும் சரி, அந்த அளவுக்குப் பயன்படவில்லை. 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அந்தத் தளம் காட்டும் பட்டியலை ஐந்தாண்டுகள் ஆளுக்கொரு விதமாக மாற்றிக் கிடைத்த முடிவு இது. தாங்கள் சோதனையில் இருக்கிறோம் என்பது அந்த 2 கோடிப் பேருக்குத் தெரியாது.

இந்த அவையில் உள்ள இளைஞர்களை நேரடியாகத் தொடும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க விசா படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குப் பெயர்களை எழுத வேண்டும் என்பது 2019 முதல் நடைமுறை. 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பதாரர்களும், அவர்களைச் சார்ந்து ஹெச்-4 விசா கேட்கும் குடும்பத்தினரும் அந்தக் கணக்குகளைப் பூட்டின்றித் திறந்து வைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. மாணவர் விசாவுக்கு அந்த ஆண்டு ஜூனிலேயே வந்துவிட்டது. பாரிஸ் கணக்காளரைக் காப்பாற்றிய அந்த ஒரு கிளிக்கின் சோம்பல், பார்ப்பதையே வேலையாகக் கொண்ட தூதரக அதிகாரியிடம் எடுபடாது. கணவரோடு புறப்படக் காத்திருக்கும் மனைவி வேலை தேடிப் போகிறவர் இல்லை. அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பூட்டையும் கழற்றியாக வேண்டும்.