பழைய காருக்குப் பழைய உறுப்புகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை அழகுக்காக வைத்திருப்போரும் உண்டு. ஓட்டுவதற்காக வைத்திருப்போரும் உண்டு. பின்னவர்க்கு வர்ணமும் தோலிருக்கையும் இரண்டாம்பட்சமே. வளைவிலே வண்டியைச் சாலையோடு பிணைத்து வைப்பது, அடியிலே மறைந்திருக்கும் சஸ்பென்ஷன் என்னும் அமைப்பேயாகும். அதற்குரிய பழைய உறுப்புகளை இனங்கண்டு வாங்கும் முறையை இன்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. காரைக் கொள்வோம். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை உருவான இவ்வண்டிகளின் தொகை ஐந்து லட்சத்திற்கும் மேல். ஆகவே உறுப்பு கிடைப்பது எளிது. பொருந்தாத உறுப்பு கிடைப்பதும் அதே அளவுக்கு எளிது.

முதலில் ஆண்டைக் கேட்டறிதல் வேண்டும். 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பளபளக்கும் குரோமிய பம்பர் நீங்கிக் கரிய ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்க விதிகளுக்கு ஏற்ப வண்டியும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உயர்த்தப்பட்டது. பின்புறத்தை உயர்த்தியது, வளைவு மிகுந்த கமான் பட்டை. முன்புறத்தை உயர்த்தியதோ சுருள் ஸ்பிரிங் அன்று. மாற்றியமைக்கப்பட்ட குறுக்குச் சட்டமே. இதனை அறியாதவர் பிந்திய பட்டையை முந்திய வண்டியில் பூட்டிவிட்டு, பின்புறம் மட்டும் தூக்கி நிற்பதேன் என்று திகைப்பர். வண்டி திறந்த வகையா, கூரையுள்ள ஜி.டி. வகையா என்பதையும் கேட்க வேண்டும். ஜி.டி. எடை மிகுந்தது, அதன் ஸ்பிரிங்குகளும் அதற்கேற்ப விறைப்பானவை.

அடுத்தது அளவு. சுருள் ஸ்பிரிங்குகள் இரண்டையும் சமதளத்தில் நிறுத்தி உயரம், கம்பியின் கனம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிடுக. உயரம் வேறுபட்டால் ஒன்று தளர்ந்திருக்கலாம். அல்லது யாரேனும் அறுத்துக் குறைத்திருக்கலாம். ஒற்றையாக வாங்காமல் இணையாகவே வாங்குதல் நன்று. கமான் பட்டையில் தகடுகளை எண்ணி, அவற்றினிடையே துருவும் வெடிப்பும் உளவா என்று நோக்குக.

மூன்றாவது ஷாக் அப்சார்பர். இவ்வண்டியில் முன்புற ஷாக் அப்சார்பரின் கைகளே சக்கரத்தை மேலிருந்து பற்றும் கைகளுமாகும். எனவே அதன் அச்சு ஆடினால் சக்கரமும் நிலைகுலையும். அதனை நிமிர்த்தி இடுக்கியில் பிடித்து, கையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். எதிர்ப்பு முழுத் தொலைவிலும் சீராக இருத்தல் வேண்டும். சிறிது தூரம் வெறுமையாக ஓடிப் பின்னர் பிடிக்குமாயின், எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது காற்றுப் புகுந்திருக்கிறது என்க. அச்சைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருப்பின் சீல் தேய்ந்துவிட்டது. புதிதாக வர்ணம் பூசியது எல்லாம் புதுப்பிக்கப்பட்டது ஆகாது.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய உறுப்புகளுக்கு வருவோம். கிங் பின், காலந்தோறும் கிரீஸ் வேண்டி நிற்பது; கவனியாது விட்டால் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். சக்கரத்தின் மேலும் கீழும் பற்றி அசைத்தால் இவ்வாட்டம் கைக்குப் புலனாகும். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸிலோ, முறிந்தால் சக்கரத்தோடு வண்டியின் கட்டுப்பாட்டையும் கொண்டுபோய்விடும். அழுக்கு நீக்கி, வெடிப்பைக் காட்டும் சாயமிட்டு, அச்சு புறப்படும் அடிப்பகுதியை உற்று நோக்குதல் இன்றியமையாதது. வெல்டிங் செய்த அடையாளமோ வளைத்து நிமிர்த்திய அடையாளமோ தென்பட்டால், இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது. ரப்பர் புஷ்களையும் பழையனவாக வாங்குதல் வீண்; புதியவற்றின் விலை சிறிதே.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் பொருளை முன்கூட்டிக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து அனுப்புமாறும், எந்த ஆண்டு வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுதித் தருமாறும் கேட்கலாம். நேர்மையான வியாபாரி இதற்குத் தயங்கமாட்டார். தயங்குபவரிடம் நம் பணத்தை ஒப்படைக்காதிருப்பதே நலம்.