பிடிமண்ணும் பெயரும்



அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் எனக்குப் பேச 'ஒரு மண்கலைஞரின் வாழ்வும் பணியும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். ஜப்பானின் குயவர் ஷோஜி ஹமாதாவைப் பற்றிப் பேசலாம் என்றுதான் குறிப்பெடுத்தேன். 1894இல் பிறந்தவர். 1920இல் ஆங்கிலக் குயவர் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸுக்குப் போய்ச் சூளை கட்டியவர். நாடு திரும்பி, மாஷிகோ என்னும் குயவர் ஊரில் குடியேறி, அவ்வூர் மண்ணையே வனைந்தவர். 1955இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என அறிவித்தது. ஆனால், மாஷிகோவில் வனைந்த கலங்களில் அவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை.

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. பெயர் பொறிக்காத கையைத் தேடி மாஷிகோ வரை போவானேன்? நம் புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடிப் பக்கமோ அறந்தாங்கிப் பக்கமோ ஓர் அய்யனார் கோயில் காட்டுக்குள் நுழைந்தால் போதாதா?

அங்கே நிற்கும் மண்குதிரை எப்படிப் பிறக்கிறது? ஊரார், குயவரான வேளார் கையில் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுப்பதில் தொடங்குகிறது வேலை. களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதிக்கிறார்கள். முதலில் எழுவது நான்கு கால்கள். உள்ளே கூடான உருளைகள். அவை ஓரளவு இறுகிய பிறகே வயிறு. அவசரப்பட்டால் மேல்பாரம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும். பிறகு கழுத்து, தலை, சலங்கை, கடிவாளம். வைக்கோலும் வறட்டியும் போட்டுச் சுட்டபின், புரவி எடுப்புத் திருவிழாவன்று ஊரே தோள்கொடுத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போகிறது.

வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகள். பிறகு காது உதிரும், கால் விரியும். யாரும் ஒட்டவைப்பதில்லை. பக்கத்தில் புதுக்குதிரை வந்து நிற்கும்.

மண்வேலையில் பெயர் நிலைத்தவர்களும் உண்டு. ஜப்பானின் பிசென் ஊரில் தொழில் பழகிய டெபரா ஸ்மித், ரே மீக்கருடன் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவர்கள் பெயர்களெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன. ஹமாதாவும் அப்படித்தான்: அவர் கலத்தில் எழுதாததை உலகம் புத்தகத்தில் எழுதிக்கொண்டது. பெயர் வேண்டாம் என்றது அவருடைய விருப்பம். நம் ஊர் வேளாரின் பெயர் விட்டுப்போனது நம்முடைய மறதி.

கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று வெளிச்சமே மறையும்படி எழுதுகிறோம். திருவிழா நோட்டீஸில் பந்தல்காரர் முதல் மைக்செட்காரர் வரை பெயர் உண்டு. அடுத்த புரவி எடுப்புக்கு அச்சடிக்கும்போது, பிடிமண் வாங்கியவர் யார், அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் யார் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். குதிரை உதிர்ந்து போகட்டும். அது அதன் முறை. நோட்டீஸை மட்டும் ஒன்று எடுத்து வையுங்கள்.