நட்டாச்சு, அப்புறம்? பிச்சாவரத்தில் ஒரு நாள்

போன வாரம் முழுக்க ஏஐ, லேஆஃப் என்று பேசிப் பேசித் தலை சூடாகிவிட்டது. அதனால் இந்த வாரம் கொஞ்சம் சேற்றில் இறங்கலாம்.

கதை ஒரு டி-ஷர்ட்டில் ஆரம்பிக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆபீஸில் பஸ் வைத்து ஈசிஆர் பக்கம் ஒரு கழிமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அலையாத்திச் செடி நடும் நிகழ்ச்சி. மாங்ரோவ் என்று சொன்னால் உங்களுக்கு டக்கென்று புரியும். ஆளுக்கொரு பச்சை டி-ஷர்ட், ஒரு தொப்பி, கையில் முருங்கைக்காய் மாதிரி நீளமாக ஒரு விதை. முழங்கால் சேற்றில் நின்று வரிசையாகக் குத்தி வைத்தோம், குரூப் போட்டோ எடுத்தோம், பிரியாணி சாப்பிட்டோம். லிங்க்ட்இன்னில் நானும் ஒரு போஸ்ட் போட்டேன். பொய் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

கிளம்பும்போது அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "மழை முடிஞ்சு ஒரு தடவை வந்து பாருங்க தம்பி" என்றார். சும்மா மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த பிப்ரவரியில் பாண்டிச்சேரி போகிற வழியில் நண்பனிடம் சொல்லி வண்டியை அங்கே திருப்பினேன். அடையாளத்துக்கு ஊன்றிய மூங்கில் குச்சிகள் இருந்தன. செடி எங்கேயும் இல்லை.

கோபம் வந்தது. யார் மேலே என்று தெரியவில்லை. என் தொழில் புத்திக்கு ஒரு கேள்விதான் ஓடியது: ரூட் காஸ் என்ன? அந்தக் கேள்வியோடுதான் பிச்சாவரம் போனேன்.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. படகில் போனால் மரங்கள் மேலே கூடிக்கொண்டு குகை மாதிரி ஆகிவிடும். 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' இங்கே எடுக்கப்பட்டதை எந்தப் படகோட்டியும் சொல்லாமல் விடமாட்டார். இன்னொரு விஷயம், சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஒரு பெயர் உண்டு இல்லையா? தில்லை ஓர் அலையாத்தி மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நடராஜர் கோயிலின் தல விருட்சமும் அதுதான். அதாவது இந்தக் காடு ஏதோ ஊருக்கு ஒதுக்குப்புறமான சதுப்பு இல்லை, ஊரின் பெயரே இங்கிருந்துதான்.

அலையாத்தி என்ற சொல்லையும் கவனியுங்கள். அலையை ஆற்றுவது. சூடான காபியை ஆற்றுவது மாதிரி அலையின் வேகத்தை ஆற்றும் மரம். வெண்கண்டல் மரம் மூச்சுவிட வேரைச் சேற்றுக்கு மேலே பென்சில் மாதிரி நீட்டி வைத்திருக்கும். உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளும், இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். நான் நக்கிப் பார்த்தேன். சுரபுன்னை மரத்தில் விதை மரத்திலேயே முளைத்து, நீளமாக வளர்ந்து, பிறகுதான் கீழே விழும். நாங்கள் குத்தி வைத்த முருங்கைக்காய் அதுதான்.

இவ்வளவு கெட்டிக்கார மரம் ஏன் சாகிறது? இங்கேதான் பிச்சாவரத்தின் கதை முக்கியம்.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மொத்தமாக வெட்டுவார்கள். அது மறுபடி வளரட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போவார்கள். கணக்குப்படி இருபது, இருபத்தைந்து வருஷத்தில் காடு திரும்ப வந்திருக்க வேண்டும். பல இடங்களில் வரவில்லை, பொட்டல் ஆனது. பக்கத்து ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்று பழி அவர்கள் மேல் விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இங்கே வந்து பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மரத்தை மொத்தமாக வெட்டியதும் வெயில் நேரடியாகச் சேற்றில் விழுகிறது. சேற்றில் இருந்த ஈரம் காய்கிறது. காய்ந்த மண் சுருங்கிக் கீழே இறங்குகிறது. நடுவில் தாம்பாளம் மாதிரி பள்ளம் விழுகிறது. ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் பள்ளத்துக்குள் வருகிறது, வடியும்போது வெளியே போக வழியில்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. இது மறுபடி மறுபடி நடந்தால் அந்த மண் கிட்டத்தட்ட உப்பளம். உப்பைத் தாங்கும் மரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது அல்லவா? மேலே அணைகள் வந்து ஆற்றின் நன்னீரும் குறைந்தது, உப்பைக் கழுவிவிட ஆளில்லை.

அந்தப் பள்ளத்தில் லட்சம் விதை குத்தினாலும் லட்சமும் சாகும். ஊர்க்காரர்களைத் துரத்தி வேலி போட்டாலும் ஒன்றும் மாறாது.

தீர்வு கேட்டால் ரொம்ப சாதாரணமாக இருக்கும். வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து ரெண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறினால் தண்ணீர் உள்ளே வரும், வடிந்தால் வெளியே போகும். கொஞ்சம் கொஞ்சமாக உப்பு கழுவப்படும். வாய்க்கால் கரையின் சரிவில் வெண்கண்டல் நட்டார்கள். பொட்டல் மறுபடி பச்சை ஆனது.

என் படகோட்டி அண்ணன் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தண்ணி ஏறி எறங்குச்சுன்னா செடி தானா வரும் சார். தண்ணி நின்னுச்சுன்னா நீங்க என்ன நட்டாலும் நிக்காது."

இது பிச்சாவரத்துக்கு மட்டுமான பாடம் இல்லை. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரும் செலவில் அலையாத்தி நட்டார்கள். 2008-ல் அதைத் திரும்பிப் பார்த்த ஆய்வாளர்கள், நீண்ட நாள் பிழைத்தவை பொதுவாகப் பத்து முதல் இருபது சதவீதம்தான் என்றார்கள். நடுவதற்குச் சுலபமான இடத்தில் நட்டார்கள். அது மரத்துக்குச் சரியான இடமாக இல்லை. எங்கள் பச்சை டி-ஷர்ட் சனிக்கிழமை மாதிரியே.

சரி, ரூட் காஸ் கிடைத்தது, ஃபிக்ஸும் கிடைத்தது. டிக்கெட்டை மூடிவிடலாமா? நம்மில் ப்ரொடக்‌ஷனில் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வாங்கியவர்களுக்கு விடை தெரியும். வாய்க்கால் என்றால் தூரும். ஒவ்வொரு ஓதமும் கொஞ்சம் வண்டல் கொண்டுவரும், ஒவ்வொரு மழையும் கரையைக் கொஞ்சம் சரிக்கும். தூர்வாராமல் விட்டால் மறுபடி பள்ளம், மறுபடி உப்பு. அப்படியென்றால் அவ்வப்போது சேற்றில் இறங்கி அதை வாருவது யார்?

நாம் இல்லை. நாம் சனிக்கிழமை வந்து போகிறவர்கள். அங்கேயே இருப்பவர்கள்தான் செய்ய முடியும். அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிச்சாவரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 1990களின் பின்பாதியில் வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், ஊர் மக்கள் மூன்று பேரும் சேர்ந்த கூட்டு மேலாண்மை வந்தது. ஊருக்கு ஒரு மன்றம், அதில் பெண்களும் உறுப்பினர்கள். எங்கே வாய்க்கால், யாருக்குக் கூலி, மாடு எங்கே மேயலாம் என்று உட்கார்ந்து பேசினார்கள். குற்றவாளி என்று சொல்லப்பட்டவர்கள் காட்டின் பங்காளி ஆனார்கள்.

இதில் இருளர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த எபிசோடே வீண். கிள்ளை பக்கம் இருக்கும் இருளர் குடும்பங்களுக்கு இந்தக் காட்டின் தண்ணீர்தான் வாழ்க்கை. பெரிய வலையோ விசைப்படகோ இல்லாமல், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையில் சிக்கும் இறாலை அதற்குள் போடுவார்கள். எந்தக் கால்வாயில் எப்போது ஓதம் ஏறும், எங்கே சேறு இறுகியிருக்கிறது, எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. என் டாஷ்போர்டில் எந்த சென்சார் வைத்தாலும் இந்த டேட்டா கிடைக்காது.

ஆனால் இவ்வளவு தெரிந்த ஒருவர் தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டுமென்றால் முதல் தடை ஒரு காகிதம். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளைக்கு வாங்குவது பெரிய போராட்டம். அது இல்லாமல் உதவித்தொகை இல்லை, ஒதுக்கீட்டு இடம் இல்லை. பல ஊர்களில் இருளர் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டைக் காப்பாற்ற உங்கள் அறிவு வேண்டும் என்று கேட்கிறோம், நீங்கள் யார் என்று எழுதித்தர மட்டும் அலைய விடுகிறோம். அலையாத்தி பற்றிப் பேசும்போது எனக்குச் சான்றிதழ் எதற்கு என்று தோன்றியது. இப்போது தோன்றவில்லை. படித்துவிட்டு அந்தப் பிள்ளை நாளைக்கு வனத்துறையில் உட்கார்ந்தால், ஊர் மன்றத்தின் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அடுத்து காசு. அலையாத்திக் கரையோரங்களில் சின்னச் சின்னத் தொழில்கள் முயற்சி செய்யப்படுகின்றன. எனக்குப் பிடித்தது நண்டு கொழுக்க வைப்பது. ஓடு உரித்த நண்டு உள்ளே சதை இல்லாமல் தண்ணீராக இருக்கும், சந்தையில் விலை போகாது. அதை வாங்கிக் கூண்டில் விட்டுக் கழிவு மீன் போட்டு வளர்த்தால், மூன்று நான்கு வாரத்தில் ஓடு இறுகிச் சதை பிடிக்கும், விலை பல மடங்கு ஏறும். ஒரு மகளிர் குழு செய்யக்கூடிய வேலை. ஆனால் அந்த நண்டு அலையாத்திச் சேற்றில்தான் வளர்கிறது. காடு போனால் தொழிலும் போகும். வாய்க்காலைத் தூர்வார இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இதையே ஒரு படி மேலே கொண்டுபோன ஊர் ஒன்று கென்யாவில் இருக்கிறது. காசி விரிகுடா, நம்ம காசி இல்லை. அங்கே 'மிக்கோகோ பமோஜா' என்று ஒரு திட்டம். ஸ்வாஹிலியில் 'அலையாத்திகள் ஒன்றாக' என்று அர்த்தம். 117 ஹெக்டேர் காட்டை ஊரே பார்த்துக்கொள்கிறது. அது பிடித்து வைக்கும் கார்பனுக்குக் கடன்பத்திரம் மாதிரி ஒரு கிரெடிட் கணக்கிட்டு, 2013-லிருந்து விற்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 டன். வரும் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்கிறது. குடிநீர்க் குழாய் வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வந்தது. கார்பன் சந்தை மேல் எனக்கு ஆயிரம் சந்தேகம் உண்டு, விமானத்தில் பறப்பவர்கள் பாவம் கழிக்கும் இடமாகவும் அது ஆகலாம். ஆனால் பராமரிப்புச் செலவுக்கு வருஷா வருஷம் பணம் வரும் வழியை அவர்கள் முதலிலேயே யோசித்தார்கள். ஒரு தடவை நிதி வாங்கி, நட்டு, போட்டோ எடுத்துக் கிளம்புகிற முறைக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

சுனாமி பற்றிக் கேட்பீர்கள். 2004-க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன், ராஜேந்திரன் இருவரும் இந்தக் கரையில் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, அலையாத்தி இருந்த இடங்களில் இழப்பு குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். அதே தரவை மறுபடி ஆராய்ந்த வேறு சிலர், கடலிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரிய காரணம் என்றார்கள். அறிவியல் இப்படித்தான் நகரும். ஆனால் அடுத்த சுனாமிக்காக மட்டும் இந்தக் காடு வேண்டும் என்பதில்லை. தினமும் இறால் தருவதற்கே வேண்டும்.

இப்போது நல்ல காலம் மாதிரி தெரிகிறது. பிச்சாவரம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2023 மத்திய பட்ஜெட்டில் அலையாத்திக்கென்றே 'மிஷ்டி' என்ற திட்டம் வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு பயமும் இருக்கிறது: எத்தனை செடி நட்டோம் என்பது எண்ணச் சுலபம், எத்தனை வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்பது யாருடைய எக்செல் ஷீட்டிலும் வராது.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. ஜூலை 26 உலக அலையாத்தி தினம். அதை ஒட்டி உங்கள் ஆபீஸிலிருந்தும் ஒரு மெயில் வரலாம், டி-ஷர்ட் சைஸ் கேட்டு. போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரிப்ளை போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். நாம் நடும் இடத்தில் ஓதத் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது? அடுத்த ஐந்து வருஷம் அதை யார் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்குக் கூலி உண்டா? அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்களா?

பதில் இல்லையென்றால், பஸ்ஸுக்கும் பிரியாணிக்கும் ஆகும் செலவை ஊர் மன்றத்துக்கு வாய்க்கால் தூர்வாரக் கொடுக்கச் சொல்லுங்கள். போட்டோவில் நாம் இருக்க மாட்டோம், பரவாயில்லை.

என் பச்சை டி-ஷர்ட் இன்னும் இருக்கிறது. வண்டி துடைக்கப் பயன்படுகிறது. லிங்க்ட்இன் போஸ்ட்டுக்குக் கீழே போன வாரம்தான் ஒரு கமென்ட் எழுதினேன்: "இந்தச் செடிகள் எதுவும் பிழைக்கவில்லை." லைக் ஒன்று வந்திருக்கிறது.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரை, தண்ணீர் ஓடட்டும்.