வீட்டின் விலையும் வீடு வாங்கும் செலவும்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்னும் பழமொழியை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். கட்டுவதில் உள்ள தொல்லையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கட்டி முடித்த வீட்டை வாங்குவதில் அத்தகைய தொல்லை எதுவும் இல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். விலையைப் பேசிப் பணத்தைக் கொடுத்துச் சாவியைப் பெற்றுக்கொண்டால் காரியம் முடிந்தது என்பது அவர்கள் கருத்து. விலை என்பது வேறு, வாங்கும் செலவு என்பது வேறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

உங்களுள் எவரும் நாளைக்கே வீடு வாங்கப் போவதில்லை. ஆயினும் உங்கள் தந்தையாரும் தாயாரும் பல்லாண்டுகளாகச் சேர்த்த பணத்தை ஒரே நாளில் எடுத்துக் கொடுக்கும் காரியம் இது. அதைப் பற்றிய பேச்சு வீட்டில் நடக்கும்பொழுது பிள்ளைகளை அப்பால் போகச் சொல்வது நம் வழக்கம். அவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. விழுக்காடும் கூட்டலும் அறிந்த எவர்க்கும் இக்கணக்கு விளங்கும். அவ்விரண்டையும் எட்டாம் வகுப்புக்குள்ளேயே உங்களுக்குக் கற்பித்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில், நிலத்தோடு கூடிய தனி வீடு ஒன்று 40 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் தம் உரிமையை வாங்குபவர்க்கு மாற்றிக் கொடுக்கும் கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைப் பத்திரம் கட்டாயம் பதியப்பட வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பத்திரத்தில் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் அதனைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே.

இந்தப் பதிவுக்கு இரண்டு வகைக் கட்டணங்கள் உண்டு. ஒன்று முத்திரைத் தீர்வை. அது நூற்றுக்கு ஏழு. மற்றொன்று பதிவுக் கட்டணம். அது நூற்றுக்கு இரண்டு. 2017 ஜூன் மாதத்தில், அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைக் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை நூற்றுக்கு நான்காக உயர்த்தினர். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை உயர்த்திக் கட்டணத்தை இரண்டாகக் குறைத்தனர். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் அந்த இரண்டிலும் ஒன்று குறையும். நமது வீட்டுக்கு அச்சலுகை கிட்டாது. 40 லட்சத்துக்கு ஏழு விழுக்காடு 2,80,000 ரூபாய். இரண்டு விழுக்காடு 80,000 ரூபாய். ஆகக் கூடி 3,60,000 ரூபாய். வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, முத்திரைத் தீர்வையைச் செலுத்த வேண்டியவர் வாங்குபவரே என்று முத்திரைச் சட்டம் கூறுகின்றது.

இனிக் கடனைக் கவனிப்போம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனாயின், சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வங்கிகள் கொடுத்தல் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அம்மதிப்பைக் கணக்கிடும்பொழுது, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளலாகாது என்பதும் விதியே. பத்து லட்சத்துக்கு உட்பட்ட சிறு வீடுகளுக்கு மட்டும் இதில் தளர்வு உண்டு. இந்த இரண்டாம் விதியைத்தான் பெரும்பாலோர் அறியார். 40 லட்சத்துக்கு 32 லட்சம் கடன் கிடைக்கும். எஞ்சிய 8 லட்சத்தைச் சேர்த்துவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பவர், பதிவுக்கு வேண்டிய 3,60,000 ரூபாயும் தம் கையிலிருந்தே வர வேண்டும் என்பதைக் கடைசி வாரத்தில் அறிகின்றார். எட்டு லட்சம் போதாது. பதினொரு லட்சத்து அறுபதினாயிரம் வேண்டும்.

என்னோடு பணியாற்றிய கணக்காசிரியர் ஒருவர் இந்த நிலைக்கு ஆளானார். விழுக்காட்டுக் கணக்கை அவரைப் போல் கற்பித்தவர் எங்கள் பள்ளியில் இல்லை. பதிவுக்கு முந்திய நாள் மாலையில் அவருடைய மனைவியாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவ்வளையல்களை மீட்க அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த வட்டியும் வீட்டின் விலையோடு சேர வேண்டியதே அல்லவா? எந்தப் பத்திரத்திலும் அது எழுதப்படவில்லை.

இத்தகைய நெருக்கடியில்தான் சிலர் ஒரு யோசனை சொல்லுவர். "வழிகாட்டி மதிப்பு 28 லட்சந்தானே, பத்திரத்தில் 28 லட்சம் என்றே எழுதுவோம், மீதி 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்பர். நம் நாட்டில் இது பரவலாக நடப்பதால், பலர் இதனைக் குற்றமாகவே கருதுவதில்லை. உண்மையான விலையை மறைத்து எழுதுவது அரசுக்குச் சேர வேண்டியதைத் திருடுவதே என்பது என் கருத்து. அறநெறியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்கணக்காகவே இதனைப் பாருங்கள்.

மிச்சமாவது 12 லட்சத்துக்கு ஒன்பது விழுக்காடு, அதாவது 1,08,000 ரூபாய். வங்கியோ பத்திரத்தில் உள்ள விலையை வைத்தே கடன் தரும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு உச்சவரம்பு நூற்றுக்குத் தொண்ணூறு. 28 லட்சத்தில் அது 25,20,000 ரூபாய். கொடுக்க வேண்டிய மொத்த விலை 40 லட்சமாதலால், கையிலிருந்து 14,80,000 ரூபாய் வேண்டும். முன்னர் வேண்டியிருந்தது எட்டு லட்சம். ஒரு லட்சத்து எட்டாயிரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஆறு லட்சத்து எண்பதினாயிரத்தை அதிகமாகத் தேட வேண்டியதாகின்றது!

அம்மட்டோ? அவ்வீட்டைப் பின்னொரு நாள் 60 லட்சத்துக்கு விற்பதாகக் கொள்ளுங்கள். உண்மை விலையை எழுதியிருந்தால் ஆதாயம் 20 லட்சம். 28 லட்சம் என்று எழுதியிருந்தால் ஆதாயம் 32 லட்சமாகத் தோன்றும். இல்லாத அந்த 12 லட்சம் ஆதாயத்துக்கும் வரி உண்டு. 2024 ஜூலைக்குப் பிறகு நீண்டகால ஆதாயத்தின் மேல் வரி நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்வாறாயின் ஒன்றரை லட்சம் ரூபாய். அன்றைக்கு மிச்சமான 1,08,000 இங்கே ஒன்றரை லட்சமாகத் திரும்பிப் போகின்றது. மேலும் 2015 ஜூன் முதல், நிலம் வீடு ஆகியவற்றின் விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கின்றது. பெற்றவர் அத்தொகைக்குச் சமமான தண்டம் செலுத்த நேரிடும். பேரம் முறிந்தாலோ, கொடுத்த ரொக்கத்துக்குச் சாட்சி ஏதும் இல்லை.

கடனின் வட்டியைப் பற்றி ஒரு சொல். 32 லட்சத்தை 20 ஆண்டுகளில் அடைப்பதாகவும், வட்டி நூற்றுக்கு எட்டரை என்றும் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 27,770 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 22,667 ரூபாய். அசலில் கழிவது ஐயாயிரத்துச் சொச்சமே. 240 மாதங்களில் கட்டுவது 66 லட்சத்து 65 ஆயிரம் வரை ஆகும். கடனைக் காட்டிலும் வட்டி பெரிது. வட்டி மாறும் தன்மையுடைய கடனை முன்கூட்டியே அடைப்பவரிடம் வங்கிகள் தண்டம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012-இல் ஆணையிட்டது. ஆகவே கையில் பணம் சேருந்தோறும் அசலைக் குறைப்பது நன்று. தவணைத் தொகையை விதிப்படி கண்டுபிடிப்பது கல்லூரி மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகை அறிந்தவர்க்கு அது கடினமன்று.

தரகர், ஆவண எழுத்தர், வழக்கறிஞர், வங்கியின் மதிப்பீட்டாளர் ஆகியோர்க்குக் கொடுப்பவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. ஊருக்கு ஊர் அவை மாறும். இவற்றுள் வழக்கறிஞர்க்குக் கொடுக்கும் கட்டணத்தை மட்டும் குறைக்க முயலக்கூடாது. வில்லங்கச் சான்றிதழை இன்று வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்க்கலாம் என்பதால், "வில்லங்கம் பார்த்தாயிற்று, வழக்கறிஞர் எதற்கு?" என்று கேட்கின்றனர். வில்லங்கச் சான்றிதழ் பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத ஒப்பந்தம், வாய்மொழிக் குடித்தனம், உயில் வழி உரிமை கொண்டாடுவோர், பங்கு கேட்காமல் வெளியூரில் இருக்கும் தமக்கை, இவர்களை எல்லாம் அது காட்டாது. மூலப் பத்திரம் தொடங்கி உரிமை கைமாறிய வழியைக் கண்ணி கண்ணியாகப் படித்துப் பார்ப்பவரே அவற்றைக் கண்டுபிடிக்க வல்லவர்.

முந்திய உரிமையாளர் வைத்துப்போன பாக்கிகளும் உண்டு. சொத்து வரி ஆளைப் பின்தொடர்வதில்லை, வீட்டைப் பின்தொடரும். மின்சாரப் பாக்கியைப் பற்றி, ஒழுங்குமுறை விதி இடங்கொடுக்குமாயின் புதிய உரிமையாளரிடம் பழைய பாக்கியைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. கடைசி வரி ரசீதையும் மின்கட்டண ரசீதையும் பத்திரம் எழுதுமுன் கேட்டு வாங்க வேண்டும். எழுதிய பின் கேட்டால் யார் கொடுப்பர்?

அடுக்குமாடி வீடாயின் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு, நிலப்பங்கும் கட்டடமும் சேர்ந்த மதிப்பின் மேல், 50 லட்சம் வரை முத்திரையும் பதிவும் சேர்ந்து நூற்றுக்கு ஆறு, 3 கோடி வரை ஏழு, அதற்கு மேல் ஒன்பது. கட்டி முடியாத நிலையில் வாங்கினால் சரக்கு சேவை வரி நூற்றுக்கு ஐந்து. சட்டம் வகுத்த மலிவு வீடாயின் ஒன்று. நிறைவுச் சான்று பெற்ற பின் விற்கப்படுவதாயின் அவ்வரி இல்லை. கார் நிறுத்துமிடம், பராமரிப்பு வைப்புநிதி, சங்கச் சந்தா என்பன தனி. ஆயிரம் சதுர அடி என்று விளம்பரத்தில் காணப்படுவது படிக்கட்டையும் நடைவழியையும் சேர்த்த அளவாக இருக்கலாம். பாய் விரிக்கக்கூடிய இடம் எவ்வளவு என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் கட்டட மனைச் சட்டம் அந்த உள்ளளவைச் சொல்லியே விற்க வேண்டும் என்கின்றது. விற்பனை உடன்படிக்கையைப் பதியாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

இப்பேச்சைக் கேட்பவர்க்குப் பயிற்சி ஒன்று தருகின்றேன். பழைய வழக்கம் விடவில்லை. உங்கள் வீட்டிலோ பாட்டனார் வீட்டிலோ கிரயப் பத்திரம் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். அதன் முத்திரைத் தாள்களின் மதிப்பைக் கூட்டுங்கள். உள்ளே எழுதப்பட்டுள்ள விலையைக் காணுங்கள். முன்னது பின்னதில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, பத்திரத்தின் ஆண்டோடு சேர்த்து ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இவ்விகிதம் இன்றையதோடு ஒவ்வாது. அக்காலத்து விகிதம் வேறாக இருந்ததா, அன்றி எழுதிய விலைதான் வேறா என்பதைப் பாட்டனாரிடமே கேளுங்கள்.