வாடகைக்கு விடப்படும் வங்கிக் கணக்கு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அக்காலத் திருடன் சுவரில் கன்னமிட்டான். இக்காலத் திருடன் கைப்பேசியில் அழைக்கிறான். தன்னைக் காவல்துறை அதிகாரி என்கிறான். "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுகிறான். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. விவசாயி உதவித்தொகை பெறுவதற்கான செயலி என்று வாட்ஸ்அப்பில் போலியான ஒன்றை அனுப்புகிறான். அதை நிறுவியவரின் ஓ.டி.பி. எண்கள் அவன் கைக்குப் போகின்றன.

நம் தஞ்சைத் தரணியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல்லைப் போட்ட விவசாயிக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. வளைகுடா வெயிலில் உழைக்கும் மகன் அதிராம்பட்டினத்திற்கும் கூத்தாநல்லூருக்கும் அனுப்பும் பணமும் அங்கேதான் வந்து சேர்கிறது. ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் பறிபோகிறது.

பறிபோன பணம் எங்கே செல்கிறது? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும். திருடன் தன் சொந்தக் கணக்கில் அதை வாங்குவதில்லை. வேலையில்லாத இளைஞரிடம், "உன் பெயரில் கணக்குத் தொடங்கி, ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் கொடு, கமிஷன் தருகிறேன்" என்கிறான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரியும் தண்ணீர் கடைமடை வரை உயிர் கொடுக்கிறது. திருட்டுப் பணமும் அப்படித்தான் பல கணக்குகளாகப் பிரிந்து ஓடுகிறது. ஆனால் அது போகுமிடமெல்லாம் ஒரு குடும்பத்தின் கண்ணீரையே சுமந்து செல்கிறது. கணக்கை வாடகைக்கு விட்டவர் அந்தத் திருட்டுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தவர் ஆகிறார்.

இது நம் ஊரோடு நிற்கும் தீமையன்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற நம் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, மோசடி செய்யும்படி அடித்துத் துன்புறுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து 13 தமிழர்கள் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள். 2024 டிசம்பர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபை இத்தகைய குற்றங்களுக்கு எதிராக உலக ஒப்பந்தமொன்றை ஏற்றுக்கொண்டதும், எந்த நாடும் இதைத் தனித்துத் தடுக்க இயலாது என்பதனால்தான்.

சகோதரர்களே! கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டத்திற்குத் தப்பினாலும் மறுமையின் கேள்விக்குத் தப்ப முடியுமா? "நான் திருடவில்லை, அட்டையை மட்டுமே கொடுத்தேன்" என்ற பதில் அங்கே செல்லுமா? பணத்தை இழந்தவரின் முகத்தை நாம் பார்க்கவில்லை என்பதால் ஹராம் ஹலாலாகிவிடாது. பிறர் உரிமையைப் பறித்த பாவத்திற்குத் தவ்பா செய்பவர், பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவர். கணக்கைக் கொடுத்துவிட்டவர் இன்றே வங்கிக்கும் காவல்துறைக்கும் உண்மையைத் தெரிவிக்கட்டும்.

பணத்தை இழந்தவர்கள் வெட்கப்பட்டு மௌனமாக இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். விரைந்து சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்புண்டு. ஏமாந்த பெற்றோரைப் பிள்ளைகள் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சியே பலர் மறைக்கிறார்கள், அந்தத் தாமதமே திருடனுக்கு உதவுகிறது. வந்த செய்தியைத் தீர விசாரித்து அறியும்படி நம் மார்க்கம் கட்டளையிடுவதை மறவாதீர்கள்.

ஹலாலான உணவையும் தூய உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.