பொருளும் இல்லற இன்பமும்

(பழவேற்காட்டில் நம் சங்கத்தாரின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பணம் வேண்டும் என்று சொல்ல ஒரு பிரசங்கி வேண்டுவதில்லை. பணம் வேண்டாம் என்று சொன்னால் கேட்பார் ஒருவரும் இரார். ஆகவே, பணம் நம் இல்லங்களுள் எவ்வழியே நுழைகின்றது, எவ்வழியே வெளியேறுகின்றது, இடையில் கணவன் மனைவியர் உள்ளத்தில் யாது செய்து செல்கின்றது என்பவற்றையே யாம் ஆராயப் புகுகின்றோம்.

வறுமையே இன்பம் என்பாரும் உளர். அவருள் வலையிழுத்துப் பிழைத்தவர் எவரும் இலர். திருவள்ளுவர் தம் நூலின் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கே அளித்தார். ஆதலின் பொருளை இகழ்வது நம் மரபன்று. அதனைப் பகிர்ந்துகொள்ளும் முறையே நாம் கருதத்தக்கது.

அம்முறையை நம் முன்னோர் ஏட்டில் எழுதாது ஏரியில் எழுதி வைத்தனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கும் பாட்டு முறையை இங்குள்ளார் யாவரும் அறிவர். முகத்துவாரத்தையடுத்து இறால் மிகுதியாய்ச் செல்லும் இடங்கள் சிலவே. அவற்றை வலியவன் ஒருவனே பற்றிக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு முறை வைத்து இறங்குகின்றோம். இன்று நல்ல பாடு பெற்றவன் நாளை வேறிடம் செல்வான். இதனால் அனைவரும் செல்வராயினர் என்று யாம் சொல்லவில்லை. அடுத்த வீட்டான் அடுப்பைக் கண்டு நம் வீட்டில் மனம் புழுங்குவது ஓரளவு குறைந்திருந்தது என்பதே உண்மை.

பின்னர் நிகழ்ந்தது யாது? சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பான், அமெரிக்கா முதலிய தேசத்தார் நம் இறாலை விரும்பி வாங்கத் தொடங்கினர். விலை பன்மடங்கு உயர்ந்தது. கையில் ரொக்கம் புழங்கியது. அதனைத் தொடர்ந்து வியாபாரிகளின் முன்பணமும் வந்தது. வாங்கினவன் தன் பிடிப்பை அவ்வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கக் கட்டுப்பட்டான். இன்றோ முகத்துவாரம் அடிக்கடி மணல் தூர்ந்து அடைபடுகின்றது. பங்காளிகள் பெருகினமையால் முறை வரும் நாளும் நீளுகின்றது. வலை, இஞ்சின், எண்ணெய், பனிக்கட்டி, பள்ளிச் சம்பளம், வைத்தியச் செலவு ஆகிய யாவும் ஏறியிருக்கின்றன. நம் இறாலின் விலையோ கடல் கடந்த அரசியலைச் சார்ந்து நிற்கின்றது. 2025 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின்மீது நூற்றுக்கு 50 வீதம் வரி விதித்தபோது, இறால் வியாபாரம் முழுவதும் கலங்கியதைக் கண்டோம்.

வரவு குறைந்து செலவு மிகும் இக்காலத்தில்தான் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கின்றார். ஒரு கணக்குப் பார்ப்போம். 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாள் வசூலிக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் நாடோறும் குறைந்துவருவதையும் கணக்கிட்டால், மாதம் நூற்றுக்கு ஏறக்குறையப் பத்து ரூபாய் வட்டியாகின்றது! இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னும் அக்கடனை வாங்குவோர் நம்மில் எத்தனை பேர்?

இனி, எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை மறையாது கூறுகின்றோம். எம் தமக்கையாரின் விவாகத்தை ஊர் மெச்ச நடத்தவேண்டும் என்று எம் தந்தையார் ஒரு வியாபாரியிடம் பெருந்தொகை வாங்கினார். எம் அன்னையாரிடம் அதனைச் சொல்லவில்லை. மூன்று நாள் விருந்து நடந்தது. ஊரார் மெச்சினர், மறுவாரமே மறந்தனர். அதன்பின் எம் வீட்டு இறால் சந்தை விலைக்குக் குறைவாகவே நிறுக்கப்பட்டது. காரணம் அறியாத அன்னையார், தந்தையார் குடிக்கின்றார் என்று ஐயுற்றார், ஐயம் சண்டையாயிற்று. தம் கம்மலை அடகு வைக்கவேண்டி வந்த நாளில்தான் உண்மை வெளிப்பட்டது. "கடன் வாங்கினது தப்பில்லை, என்னை அந்நியமாய் நினைத்தீரே!" என்று அவர் அழுத அழுகை இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. அன்றிரவு இருவரும் விளக்கடியில் அமர்ந்து, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்கெழுதினர். மீன் கூடை சுமந்து தாம் விற்றதில் நாடோறும் ஒரு பகுதியை அன்னையார் ஒதுக்கினார். மூன்றாண்டில் கடன் தீர்ந்தது. வரவு பெருகியதால் அன்று. கணக்கு வெளிப்பட்டதாலேயே தீர்ந்தது.

ஆதலின் மூன்று விண்ணப்பங்களைச் சபையோர்முன் வைக்கின்றோம்.

முதலாவது, மாதம் ஒருமுறையேனும் கணவனும் மனைவியும் வரவு, செலவு, கடன் மூன்றையும் ஒருங்கே எழுதுக. சாராயத்துக்குச் சென்ற காசும் அதில் ஏறட்டும். எழுத நாணும் செலவு தானே குறையும்.

இரண்டாவது, பெண்டிர் பணத்தில் ஆடவர் கை வையாதிருப்பாராக. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் செலுத்தினால், அரசினர் 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் தருகின்றனர். 2023 செப்டம்பர் 15 முதல், தகுதியுடைய மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையும் வழங்கத் தொடங்கினர். மீன் குறைந்த நாளில் அடுப்பெரிவதற்கு வந்த இத்தொகை, தண்டல்காரர் கைக்குச் செல்லலாகாது.

மூன்றாவது, விவாக விருந்து ஒருவேளைக்கு மேற்படலாகாது என்று நம் சங்கம் தீர்மானித்து, செல்வர் வீட்டிலேயே அதனை முதலில் நடத்திக் காட்டுக. எளியவன் தானாகக் குறைத்தால் அதனை இல்லாமை என்பர். உள்ளவன் குறைத்தால் அதுவே வழக்கமாகும்.

ஏரியில் சீட்டுப் போட்டுப் பங்கிட அறிந்த குலம் நம் குலம். அந்நேர்மையை வீட்டுக்குள்ளும் கொணர்வோமாக. விலைவாசி நம் கையில் இல்லை. ஒருவர்க்கொருவர் ஒளியாதிருத்தல் நம் கையில் உள்ளது.